பட்டு மடி... நெய்தவர்கள் சிறையில்! ராணி மங்கம்மாள் கொடுத்த தீர்ப்பு என்ன தெரியுமா?

சாமிக்குச் சாத்துவது பட்டு. கல்யாணத்துக்கு உடுத்துவதும் பட்டு. ஆனால் அந்தப் பட்டை நெய்கிற சமூகத்தைச் சேர்ந்த 18 பேர், ஒரு சடங்கு செய்ததற்காக மதுரையில் கைதானார்கள். வழக்கு கடைசியில் ராணி மங்கம்மாளிடம் வந்தது. யார் இவர்? என்ன முடிவெடுத்தார்? பார்க்கலாம்.

யார் இந்த மங்கம்மாள்?

மதுரை நாயக்க மன்னர் சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682இல் கணவர் இறந்தார். அடுத்து ஆட்சிக்கு வந்த மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பரும் 1689இல் அம்மை நோயில் இறந்துபோனார். அப்போது மருமகள் கர்ப்பிணி. பேரன் பிறந்த கொஞ்ச நாளில் மருமகளும் இறந்தார். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதருக்குப் பட்டம் கட்டிவிட்டு, அவன் பெயரில் நாட்டை ஆண்டவர் பாட்டி மங்கம்மாள்தான்.

1689 முதல் 1706 வரை நடந்தது இந்த ஆட்சி. டெல்லி முகலாயர்களுக்குக் கப்பம் கட்டிச் சமாளித்தார். திருவிதாங்கூர், தஞ்சாவூரோடு சண்டை போட்டார். ராமநாதபுரம் சேதுபதியிடம் தோற்கவும் செய்தார். ஆனாலும் மக்கள் அவரை நினைவு வைத்திருப்பது சாலைகளுக்காகவும் சத்திரங்களுக்காகவும்தான்.

பட்டுநூல்காரர்கள் யார்?

மதுரையில் சௌராஷ்டிரர்களுக்குப் பழைய பெயர் பட்டுநூல்காரர். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து கிளம்பி, பல தலைமுறைகள் நடந்து தெற்கே வந்தவர்கள். வீட்டில் இன்றும் சௌராஷ்டிர மொழி. திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்கு அழைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறி போட்டு வாழ்ந்தார்கள்.

பட்டு ஏன் 'மடி'?

ஆட்டு ரோமத்தில் கம்பளி கிடைப்பது போல, புழுவின் கூட்டில் கிடைப்பது பட்டு. மல்பெரி இலை தின்று வளரும் புழு, தன்னைச் சுற்றி இழையால் கூடு கட்டும். அந்தக் கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுப்பார்கள். ஒரு கூட்டிலிருந்தே பல நூறு மீட்டர் இழை வரும்.

பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்தால்தான் மடி. பட்டுக்கும் கம்பளிக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆசாரம் பார்க்கும் வீடுகளில் இது பழைய வழக்கம்.

வழக்கு என்ன?

பிரச்சினையே இங்கேதான். பட்டு மடி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதை நெய்தவர்களின் தகுதியில்தான் சந்தேகம் வந்தது. பட்டுநூல்காரர்கள் தங்களைப் பிராமணர்கள் என்று சொல்லி, பூணூல் மாற்றும் உபாகர்மா சடங்கைச் செய்தார்கள். நாம் ஆவணி அவிட்டம் என்கிறோமே, அதுதான். அதற்கு உரிமை இல்லை என்று மதுரையை நிர்வகித்த அதிகாரி 18 பேரைக் கைது செய்தார்.

தலைநகர் அப்போது திருச்சிக்கு மாறியிருந்தது. விஷயம் ராணிக்குப் போனது. அவர் உடனே தண்டிக்கவும் இல்லை, சும்மா விட்டுவிடவும் இல்லை. சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கூட்டி விசாரிக்கச் சொன்னார். அவர்கள் நெசவாளர்கள் பக்கம் முடிவு சொன்னார்கள். சடங்கு செய்யும் உரிமையை ஓலையில் எழுதிக் கொடுத்தார் மங்கம்மாள். அந்த ஓலை மதுரையில் பத்திரமாக இருப்பதாக, 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்திய சாதிகள் பற்றிய நூல் பதிவு செய்திருக்கிறது.

இந்தத் தீர்ப்பு சாதி அடுக்கை அசைக்கவில்லை. அந்த அடுக்குக்குள் ஒரு சமூகம் கேட்ட இடத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் கைதான நெசவாளர்களின் வாதத்தைக் கேட்ட பிறகுதான் முடிவு என்று நின்றாரே, அது பெரிய விஷயம். கிறிஸ்தவப் பாதிரியார்களிடமும் அவர் இதே நிதானத்தோடு நடந்துகொண்டார்.

கடைசியில் என்ன ஆனது?

பேரன் வளர்ந்ததும் நிலைமை மாறியது. ராணியை அடைத்துவைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்கிறது மதுரையில் வழங்கும் கதை. 1706 வாக்கில் அவர் காலம் முடிந்தது.

இன்று எங்கே பார்க்கலாம்?

ரயில் நிலையம் எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இயங்குகிறது. மீனாட்சி அம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்தின் மேல்விதானத்தில் மீனாட்சி கல்யாண ஓவியம் உண்டு. அதில் பேரனோடு மங்கம்மாளும் நிற்கிறார்.

பட்டுநூல்காரர்களின் தெருக்களில் இன்று அதிகம் பேசப்படுவது பருத்தியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடி. அதற்கு 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுத்த முறை விளக்குத்தூண் பக்கம் சேலை எடுக்கப் போனால், ஜரிகையைப் பார்க்கும்போது நெய்த கையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.