சராசரியோடு நின்றுவிடாத மகலனோபிஸ்

கணக்குப் புத்தகத்தில் புள்ளியியல் பாடம் வந்ததும் நம்மில் பலருக்கு நிம்மதிப் பெருமூச்சு வருவது வழக்கம். கூட்டி வகுத்தால் சராசரி. ஏறுவரிசையில் எழுதி நடுவில் விரலை வைத்தால் இடைநிலை. அடிக்கடி வரும் எண் முகடு. அதுவரை எல்லாம் சுகமே. அடுத்து வருகிறது திட்ட விலக்கம்! ஒவ்வோர் எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, கூட்டி, வகுத்து, கடைசியில் வர்க்கமூலமும் காண வேண்டும். சராசரி தெரிந்த பின் இத்தனை பாடு எதற்கு என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி.

நம் மணியாச்சிக் கரிசல் பூமியையே எடுத்துக்கொள்வோம். இங்கே வெள்ளாமை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. உதாரணத்திற்காக நானே இரண்டு வருடங்களைக் கற்பனை செய்கிறேன். முதல் வருடம் அக்டோபரில் 10 செ.மீ., நவம்பரில் 14, டிசம்பரில் 12. மறு வருடம் 1, 33, 2. இரண்டிலும் மொத்தம் 36. மாதச் சராசரி 12. காகிதத்தில் இரண்டும் ஒன்றே! ஆனால் முதல் வருடம் பருத்தியும் கம்பும் தழைக்கும். மறு வருடம் விதை முளைக்க ஈரமில்லை. பிறகு ஒரே மூச்சில் கொட்டிய மழையில் பயிர் அழுகும். திட்ட விலக்கம் கண்டால் முதல் வருடத்திற்கு ஏறத்தாழ 1.6, மறு வருடத்திற்கு 14.9 வருகிறது. சராசரி மறைத்ததை இந்த எண் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இத்தகைய எண்களை நம் நாட்டு வெள்ளத்திற்கும் விளைச்சலுக்கும் பசிக்கும் பயன்படுத்திய ஒரு பெரியவரின் வரலாற்றைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். குடும்பம் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தது. மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் போன்றோரிடம் பயின்று 1912-இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். மறு ஆண்டு லண்டனில் படிக்கும் எண்ணத்துடன் கப்பலேறினார். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் திரும்பும் ரயிலைத் தவறவிட்டார். ரயிலைத் தவறவிடுவதன் கஷ்டம் சந்திப்பு நிலையத்து ஊர்க்காரர்களாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருக்கோ அதுவே அதிர்ஷ்டமாயிற்று. அன்று கண்ட கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுத்து, அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

அங்கேதான் நம் கணித மேதை இராமானுஜனின் நட்பு அவருக்குக் கிட்டியது. இராமானுஜன் குளிரில் மிகவும் வாடினார். இரவில் மேலங்கியையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு உறங்குவதாகச் சொல்லவே, மகலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தையின் ஓரங்களில் செருகப்பட்டு அப்படியே கிடந்தன; இராமானுஜன் அவற்றின் மேலே படுத்திருந்தார்! அவற்றைப் புரட்டி உள்ளே நுழைந்து படுக்கும் விதத்தை மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். இவ்வளவு பெரிய மேதைக்குப் போர்வை சமாச்சாரம் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது.

1915-இல் ஊர் திரும்பப் புறப்பட்டபோது, முதல் உலகப் போர் காரணமாகக் கப்பல் தாமதமாயிற்று. காத்திருந்த நாள்களில் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டினார். மகலனோபிஸ் அந்தத் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். விடுமுறைக்காக வந்தவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகி அங்கேயே தங்கிவிட்டார்.

அவருடைய முதல் புள்ளியியல் கட்டுரை 1922-இல் வெளிவந்தது. கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடல் அளவுகளைப் பற்றியது அது. இவ்வழியில் சென்றுதான் பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கும் மகலனோபிஸ் தொலைவைக் கண்டார். இரு கூட்டத்தாரின் சராசரி உயரம் 2 செ.மீ. வேறுபட்டால் அது பெரிதா சிறிதா? ஒவ்வொரு கூட்டத்திற்குள்ளும் உயரங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. சிதறல் அதிகமானால் அந்த 2 செ.மீ. ஒன்றுமே இல்லை. மனிதரைத் தலை அளவு, மூக்கு அளவு கொண்டு பிரித்துப் பார்த்த அந்தக் கால ஆராய்ச்சி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் பிறந்த முறை இன்று கணிப்பொறி வரை பயன்படுகிறது.

1926-இல் ஒரிசாவில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பிராமணி ஆற்றின் படுகை மேடிட்டுவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்பது பொறியாளர்களின் கருத்து. மகலனோபிஸ் சுமார் 60 ஆண்டுகளின் மழை, வெள்ளக் கணக்குகளை வரவழைத்து ஆராய்ந்தார். படுகை உயர்ந்ததற்குச் சான்றில்லை. மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மிகையான மழையே காரணம் என்று கண்டார். ஒரு வருடத்து வெள்ளத்தைப் பார்த்து மிரளாமல், பல வருட ஏற்ற இறக்கங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்ததால்தான் இது புலப்பட்டது. கரையை உயர்த்துவதைவிட மேற்பகுதியில் அணை கட்டுவதே வழி என்றார். மகாநதியில் ஹிராகுட் அணை 1957-இல் திறக்கப்பட்டது.

கல்லூரியில் ஓர் அறையில் அவர் வைத்திருந்த சிறு ஆய்வுக்கூடமே 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக மலர்ந்தது. ஆரம்பத்தில் அதன் செலவு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். 1933-இல் சங்க்யா என்னும் ஆய்விதழையும் தொடங்கினார்.

1937 முதல் வங்காளத்துச் சணல் விளைச்சலைக் கணக்கிடும் வேலை அவரிடம் வந்தது. எல்லா வயலையும் அளப்பது ஆகாத காரியம். ஆகவே குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்து அளக்கச் செய்தார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டுமே! அவர் வேறொன்றும் கண்டார். அறுத்து எடை பார்க்கும் துண்டு நிலம் மிகச் சிறியதானால் விளைச்சல் உள்ளதைவிட அதிகமாகத் தெரிந்தது. ஓரத்தில் நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா வெளியே தள்ளுவதா என்ற சந்தேகம் வரும்போது, அறுப்பவர் கை பெரும்பாலும் உள்ளேதான் சேர்க்கும். துண்டு சிறியதானால் ஓரமே பெரும் பங்கு ஆகிவிடுகிறது. மேலும், ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தார். ஒரே கணக்கை நம் டீச்சர் இரண்டு பேரிடம் கொடுத்துச் சரிபார்ப்பதில்லையா, அதுபோல.

1943-இல் வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியது. மாண்டவர் சுமார் 30 லட்சம் என்பர். பின்னர் அவரது நிறுவனத்தினர் கிராமம் கிராமமாகச் சென்று பிழைத்தவர்களின் நிலையை ஆராய்ந்தனர். நிலமற்ற கூலிகள், மீனவர்கள் போன்ற ஏழைகளே மிகவும் சிதைந்திருந்தனர்; வசதியுள்ளோர் பலர் ஓரளவு தப்பினர். இருவரையும் கூட்டி வகுத்தால் வரும் சராசரியில் அந்தக் கூலித் தாயின் வெற்றுப் பானை எங்கே தெரியும்? இதை எழுதும்போது என் பேனா சிறிது நேரம் நின்றுவிட்டது.

சுதந்திரத்திற்குப் பின் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வை அவர் தொடங்கிவைத்தார். வீடு வீடாகச் சென்று என்ன உண்கிறீர்கள், எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று கேட்கும் அந்த வேலை இன்றும் நடைபெறுகிறது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் அவர் வகுத்த கணக்கின் மேல் எழுந்ததே. கனரகத் தொழில்களுக்கு அவ்வளவு இடம் தந்தது சரியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அது என் அறிவுக்கு மேற்பட்டது. குடும்பங்களைச் செலவின்படி வரிசைப்படுத்திச் சம பங்குகளாக்கி, ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே நோக்கும் முறையையும் அவர் பிற்காலத்தில் வகுத்தார். நாம் படிக்கும் இடைநிலைக்கு அது தங்கை முறை என்று சொல்லலாம்.

1968-இல் பத்மவிபூஷண் விருது பெற்ற மகலனோபிஸ் 1972 ஜூன் 28-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு முந்திய தினம், காலமானார். அவர் பிறந்த ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம் கோயிலில் புனித இராயப்பர், சின்னப்பர் திருநாள் வரும் அதே நாள்தான் அது.