மூப்பரும் அண்ணாவியும் காத்த சபை

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டபின், கத்தோலிக்கக் குருமாருக்கு இந்நாட்டின் கரையோரங்களில் இடமில்லாது போயிற்று. ஆண்டுகள் பல கழிந்தன. பூசை இல்லை, போதிப்பாருமில்லை. இந்நிலையைக் கேள்வியுற்று நெஞ்சுருகியவர், கோவாவில் 1651இல் பிறந்த யோசேவ்வாஸ் முனிவர். 1687இல் ஏழைக் கூலியாளின் கோலம் பூண்டு இலங்கைக்கு வந்த அவர், யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து, இரவிலே மக்களைச் சந்தித்தார். 1692இல் கண்டி சென்றபோது ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். எனினும், 1697இல் அந்நகரை வைசூரி வாட்டியபோது, கைவிடப்பட்ட நோயாளரைச் சமய வேறுபாடின்றித் தம் கையாலேயே பேணினார்.

ஒரு குரு எத்தனை ஊருக்குத்தான் செல்லவியலும்? இதனை நன்குணர்ந்த முனிவர், ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார். குரு இல்லாக் காலத்தில் அவர்களே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தனர், செபம் கற்பித்தனர், மரிப்போர் அருகிருந்தனர். சபையைக் காப்பது கூடிநிற்போர் அனைவரின் கடன் என்பதை அவ்வெளிய மக்கள் செயலாற் காட்டினர்.

1711 தை 16இல் முனிவர் கண்டியில் உயிர்நீத்தார். ஒல்லாந்தராட்சி 1796வரை நீடித்தும் சபை அழியவில்லை. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதரெனப் பிரகடனஞ் செய்தார். அவருடன் சபையைத் தாங்கிய மூப்பர் பலரின் பெயரை இன்று அறிவாரில்லை. அவர்தம் பணியோ, ஊர்க்கோயில்தோறும் ஆள்தேடி நிற்கின்றது.