பாலுசுவாமி தீட்சிதர்

பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) கருநாடக இசைக் கலைஞர் ஆவார். மேலைநாட்டு இசைக்கருவியான வயலினை முறையாகக் கற்று, அதில் கருநாடக இசையை வாசித்த முன்னோடியாக இவர் கருதப்படுகிறார். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி இவர்.

குடும்பம்

தந்தை இராமசுவாமி தீட்சிதர் திருவாரூரில் வாழ்ந்த இசைப் புலவர். அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவராக அறியப்படுபவர். முத்துசுவாமி, சின்னசுவாமி ஆகிய இருவரும் பாலுசுவாமியின் தமையன்மார். பாலாம்பாள் இவர்களின் உடன்பிறந்தவர்.

மணலியில் வயலின் பயிற்சி

மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இக்குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. முதலியார் குடும்பத்தினர் கிழக்கிந்தியக் கம்பனியாருடன் தொடர்புடையவர்கள். அதனால் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியரின் பாண்டு வாத்திய இசையைக் கேட்கும் வாய்ப்புச் சகோதரர்களுக்குக் கிட்டியது. முத்துசுவாமி அம்மெட்டுகள் சிலவற்றுக்குச் சமசுகிருதப் பாடல்கள் இயற்றினார். இவை நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படும். பாலுசுவாமியோ கருவியின்பால் ஈர்க்கப்பட்டார். முதலியாரின் மகன் சின்னையா முதலியார் ஐரோப்பியர் ஒருவரை ஆசிரியராக அமர்த்த, அவரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் பயின்றார்.

கருவியின் பொருத்தம்

கருநாடக இசையின் உயிர் கமகம். ஒரு சுரம் அடுத்த சுரத்தை நோக்கி அசைந்தும் வழுக்கியும் செல்வதே கமகமாகும். வயலினில் வீணையில் உள்ளது போன்ற மெட்டுகள் இல்லை. ஆகவே விரல் தந்தியின்மீது தடையின்றி நகரலாம். வீணையில் மீட்டிய ஒலி சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். வில்லால் இழைக்கும் ஒலி குரலைப் போல நீண்டு நிற்கும். அயல்நாட்டுக் கருவி பாட்டுக்குப் பக்கவாத்தியமாக நிலைபெற்றதற்கு இவ்விரு பண்புகளும் முதன்மைக் காரணங்களாகும். நின்றபடி முகவாயில் தாங்கி வாசிக்கும் ஐரோப்பிய முறைக்கு மாறாக, தரையில் அமர்ந்து கருவியின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கும் முறை தென்னாட்டில் நிலைபெற்றது. தந்திகளும் ச-ப-ச-ப எனச் சுருதி சேர்க்கப்படுகின்றன.

எட்டயபுரம்

பாலுசுவாமி பின்னர் எட்டயபுரம் அரசவை வித்துவானாக விளங்கினார். 1835-இல் முத்துசுவாமி தீட்சிதர் இயற்கை எய்தியதும் எட்டயபுரத்திலேயே ஆகும். பாலுசுவாமி தம் மகள்வழிப் பேரனான சுப்பராம தீட்சிதரைச் (1839–1906) சுவீகாரம் செய்துகொண்டார். அவர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூல், முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் காத்துத் தந்தது.

பிற்காலம்

தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் அரசவையில் வயலினைப் பரப்பினார். 1834-இல் சுவாதித் திருநாள் அரசர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே முயற்சி மின்னிசைக் கருவிகளில் தொடர்ந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினிலும், சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின் கித்தாரிலும் கருநாடக இசையை வாசித்தனர். இக்கருவிகளில் மெட்டுகள் உண்டு. எனவே வயலினில் இயல்பாக வழுக்கிச் செல்லும் கமகத்தைக் கித்தாரில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தோ, விரலைத் தந்தியின்மேல் நகர்த்தியோ வருவிக்க வேண்டும். மீட்டிய ஒலி விரைவில் தேயும் குறையை மின்பெருக்கி ஓரளவு ஈடுசெய்கிறது. அயல்நாட்டுக் கருவியில் கமகத்திற்கு வழிகாண்பதே மணலியில் பாலுசுவாமி எதிர்கொண்ட பணியும் ஆகும்.