வானொலித் தொண்டர்

குளத்து நீரைப் பருகுவோர், அக்குளம் தொட்டவரை நினைத்தல் அரிது. வானொலி கேட்டு மகிழ்வோரும் அத்தகையரே. தமிழகத்தில் வானொலிக்கு வித்திட்ட பெருமகனார் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் ஆவர்.

சென்னையைச் சேர்ந்த செட்டியார் பொறியியல் வல்லுநர். அவர் இங்கிலாந்து சென்று மீண்டபோது, சிறிய ஒலிபரப்புக் கருவி ஒன்றுக்குரிய உறுப்புகளைத் தம்முடன் கொணர்ந்தார். அவற்றை முறையாகப் பொருத்தி, கம்பியின் துணையின்றிக் குரலைச் சேய்மைக்கண் செலுத்த முயன்றார். அந்நாளில் அரசினர் நடத்திய வானொலி நிலையம் நம் நாட்டில் ஒன்றேனும் இல்லை. வருவாய் கருதாது ஆர்வம் ஒன்றே பற்றி இத்துறையில் ஈடுபட்டோர் ஆங்காங்குச் சிலரே இருந்தனர். அவர்களை அமெச்சூர் வானொலியார் என்பர்.

தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெறவேண்டுமென விழைந்த செட்டியார், ஆர்வமுடையாரை ஒருங்கு கூட்டி, 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கிற்று. முதற்கருவியின் ஆற்றல் 40 வாட்டே. அஃதாவது, சிறியதொரு மின்குமிழின் ஆற்றலே. பின்னர் 200 வாட் கருவி அமைந்தது. மாலை வேளைகளில் இன்னிசையும் சொற்பொழிவும் வான்வழியே பரவின.

ஆயினும், கழகத்திற்குப் பொருள்முட்டுப்பாடு நேர்ந்தது. 1927ஆம் ஆண்டு அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. அரிதின் முயன்று அமைத்த கருவி வாளா கிடந்து துருவேறல் தகுமோ? கழகத்தார் அதனைச் சென்னை மாநகராட்சிக்கு நன்கொடையாக ஈந்தனர். அக்கொடை வீண்போகவில்லை. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைந்தன. வானொலிப் பெட்டி வாங்கும் வசதியில்லா ஏழையரும் நின்று கேட்டு மகிழ்ந்தனர். 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றும்வரை அத்தொண்டு நடைபெற்றது.

ஆர்வத்தால் தொண்டாற்றும் அம்மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையையும் அந்தமான் தீவுகளையும் ஒருசேரத் தாக்கியது. தீவுகளில் தொலைபேசி அற்ற நிலையில், உற்றாரைப் பற்றிய செய்தியறியாது கலங்கியோர்க்கு அமெச்சூர் வானொலியாரே செய்தி சேர்த்தனர்.

இவர்களிடையே நல்வழக்கம் ஒன்று உண்டு. தந்தி விசையைத் தட்டிச் செய்தி விடுத்தல் இவர்தம் பழைய முறை. ஆதலின், தம்முள் ஒருவர் இயற்கை எய்தினால், அவரை ஓசை அடங்கிய விசை என்னும் பொருள்படும் பெயரால் குறித்து, அவர்தம் பெயரையும் அழைப்புக்குறியையும் நன்றியோடு நினைவுகூர்வர். செட்டியாரின் விசையும் அடங்கிற்று. அவர் தொடங்கிய ஒலி அடங்கவில்லை. வானொலி கேட்கும் நாமும் அப்பெரியாரை நினைந்து போற்றுதல் கடனாகும்.