சாது சுந்தர் சிங்

சாது சுந்தர் சிங் (செப்டம்பர் 3, 1889 – 1929) பஞ்சாபைச் சேர்ந்த கிறித்தவத் துறவி ஆவார். தாம் கிறித்தவரான வரலாற்றைப் பல நாடுகளில் மக்கள் முன் சாட்சியாகக் கூறியமைக்காக அறியப்படுகிறார்.

இளமையும் மனமாற்றமும்

பட்டியாலா சமஸ்தானத்தைச் சேர்ந்த ராம்பூரில், வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். 14ஆம் வயதில் தாயை இழந்தார். மிஷன் பள்ளியில் பயின்றபோதும் கிறித்தவத்தை வெறுத்து, விவிலியத்தைத் தீயிலிட்டார். மன அமைதியின்றி உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்திருந்த வேளையில், 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலையில் இயேசுவைக் கண்டதாக அவர் கூறினார். குடும்பத்தினரின் கடும் எதிர்ப்பையும் மீறி, தமது 16ஆம் பிறந்தநாளன்று சிம்லாவில் திருமுழுக்குப் பெற்றார்.

சாட்சிப் பயணங்கள்

இந்தியத் துறவியரின் மரபைப் பின்பற்றிக் காவி உடையும் தலைப்பாகையும் அணிந்து, கையில் பணமின்றி ஊர் ஊராகச் சென்றார். இறையியல் வாதங்களை விட, தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றையும் எளிய உவமைகளையுமே மிகுதியாகக் கூறினார். 1918இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், 1920இல் பிரித்தானியா, அமெரிக்கா, ஆத்திரேலியா ஆகிய நாடுகளிலும், 1922இல் ஐரோப்பாவிலும் உரையாற்றினார்.

விமர்சனம்

அவர் கூறிய இமயமலை, திபெத்து அனுபவங்கள் பலவற்றுக்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. எனவே 1920களில் இயேசு சபைத் துறவி ஹோஸ்டன், சுவிட்சர்லாந்தின் ஆஸ்கார் ஃபிஸ்டர் ஆகியோர் அவற்றின் உண்மையை ஐயுற்றனர். செருமானிய அறிஞர் பிரீட்ரிக் ஹைலர் அவருக்கு ஆதரவாக எழுதினார்.

மறைவு

உடல் நலிவுற்றிருந்த நிலையிலும் 1929 ஏப்ரலில் திபெத்தை நோக்கிப் புறப்பட்டார். அதன் பின் எவரும் அவரைக் காணவில்லை.