சொல்லும் உளியும்

கோயில் அமைக்கும் முறையைக் கூறும் வடமொழிச் சிற்ப நூல்கள் நம் நாட்டில் பல உண்டு. ஆயினும், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அவற்றைப் படித்து முழுப்பொருளையும் உணர்ந்தவர் அரியராயினர். அந்நூல்களை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் ராம் ராஸ்.

அவர் ஏறத்தாழ 1790ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். ஆங்கிலம் கற்றுப் படைத்துறை அலுவலகத்தில் எழுத்தரானார். அங்கிருந்தபோது திப்பு சுல்தானின் வருவாய்த்துறை விதிகளை மராத்தியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு உயர் அலுவலர்களின் பார்வையை அவர்பால் திருப்பியது. பின்னர்ச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தலைமை ஆங்கில ஆசிரியராகவும், பெங்களூரில் நீதிபதியாகவும் பணியாற்றினார்.

ரிச்சர்டு கிளார்க் என்னும் ஆங்கில அலுவலர் வேண்டியதன் பேரில் அவர் சிற்ப நூல் ஆராய்ச்சியில் இறங்கினார். மானசாரம், மயமதம், காசியபம் முதலிய நூல்களைத் தேடினார். கிடைத்த ஏடுகளோ குறைபட்டவை. படியெடுத்தோர் செய்த பிழைகள் மலிந்தவை. இவற்றினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. வடமொழி வல்ல பண்டிதர்க்கு இலக்கணம் தெரியும். தூணின் எவ்வுறுப்பை எச்சொல் குறிக்கிறது என்பது தெரியாது. கல் தச்சர்க்கு ஒவ்வோர் உறுப்பும் கைப்பழக்கம். நூலின் மொழியோ தெரியாது. சொல் ஒருவரிடமும் பொருள் மற்றொருவரிடமுமாகப் பிரிந்து கிடந்தன.

ராம் ராஸ் கம்மாளர் மரபைச் சேர்ந்த தேர்ந்த சிற்பி ஒருவரின் துணையை நாடினார். நூலில் உள்ள சொற்கள் சிற்பியின் தொழில் அறிவால் தெளிவு பெற்றன. ஒரு நீதிபதி சிற்பியிடம் பாடம் கேட்பது அக்காலத்தில் எளிதில் நிகழக்கூடியதன்று.

அவ்வாறு தெளிந்தவற்றுள் தூணின் அளவு பற்றிய விதி சுவையானது. தூண் மேலே செல்லச் செல்லச் சற்றே ஒடுங்க வேண்டும். எவ்வளவு ஒடுங்க வேண்டும்? தூணின் உயரம் அடிப்பகுதி அகலத்தைப் போல் எத்தனை மடங்கோ, அடியகலத்தை அத்தனை கூறாக்கி, உச்சியில் ஒரு கூறு குறைக்க வேண்டும். உயரம் எட்டு மடங்காயின், அடியில் எட்டுக் கூறு, உச்சியில் ஏழு கூறு. உயரம் பத்து மடங்காயின், உச்சியில் ஒன்பது கூறு. ஆகவே உயரமான தூண் குறைவாகவே ஒடுங்கும். ஏனெனில், நெடுந்தூணின் உச்சி தொலைவின் காரணமாகத் தானே சிறுத்துத் தோன்றும். அதனை மேலும் ஒடுக்கினால் கண்ணுக்கு மெலிந்து காணப்படும். நூலின் கணக்குக்குள் மறைந்திருந்த இக்காரணத்தையும் ராம் ராஸ் எடுத்துக்காட்டினார்.

இந்தியத் தூண் வகைகளைக் கிரேக்க, உரோமானியத் தூண்களோடும் அவர் ஒப்பிட்டார். ஐரோப்பிய அறிஞர் நம் கலைக்கும் இலக்கணம் உண்டு என ஏற்பதற்கு அவ்வொப்பீடு அன்று தேவைப்பட்டது போலும். இன்று நாம் அதனினும் அவருடைய அளவை விளக்கங்களையே பெரிதும் போற்றுகிறோம்.

நீதிமன்றப் பணிக்கிடையே கட்டுரை நிறைவுற்றது. 48 ஓவியத் தகடுகளுடன் 1834இல் இலண்டனில் அரசு ஆசியக் கழகத்தின் சார்பில் அது நூலாக வெளிவந்தது. இந்தியர் ஒருவர் நம் கட்டடக்கலை நூல்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடி ஆய்வு அது. மானசாரம் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டு ஆங்கிலத்தில் வர மேலும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன.

அச்சான தம் நூலை ராம் ராஸ் காணவில்லை. அது வெளிவருமுன்னரே அவர் காலமானார். அவருக்குச் சொற்பொருள் விளக்கிய சிற்பியின் பெயரை இன்று எவரும் அறியார்.