புட்டி உடைந்தது, புகழ் பிறந்தது!

1904-ம் ஆண்டு. பாரீஸ் நகரில் ஒரு பெரிய கடை. துணி, தொப்பி, செண்டு என்று எல்லாச் சாமான்களும் அங்கே கிடைக்கும்.

ஒரு வாலிபர் சிறு புட்டியோடு உள்ளே வந்தார். தாம் தயாரித்த ரோஜா செண்டை வாங்கி விற்கும்படி கேட்டார். கடைக்காரர் மறுத்துவிட்டார். அப்போது புட்டி மேஜை மீது விழுந்து உடைந்தது. கடை முழுவதும் கமகம என்று மணம்! பெண்கள் ஓடி வந்து சூழ்ந்து கொண்டார்கள். கையில் இருந்த சரக்கு அங்கேயே விற்றுத் தீர்ந்தது என்று சொல்வார்கள்.

புட்டி தவறி விழுந்ததா? வேண்டுமென்றே உடைத்தாரா? அவருடைய வியாபார சாமர்த்தியத்தைப் பார்த்தால், உடைத்தார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அவர் பெயர் பிரான்சுவா கோட்டி. (திருநெல்வேலி வாசகர்கள் சிரிக்க வேண்டாம். அது அவருடைய தாய்வழிப் பெயர்!)

கோட்டி 1874-ல் கார்சிகா தீவில் அஜாக்சியோ என்ற ஊரில் பிறந்தார். நெப்போலியன் பிறந்ததும் அதே ஊர்தான். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். பாட்டி வீட்டில் வளர்ந்தார். பிழைப்புத் தேடிப் பாரீஸ் போனார். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் மூலம் வாசனைத் தொழில் அறிமுகம் ஆயிற்று. கிராஸ் என்ற ஊருக்குப் போய்த் தொழிலைக் கற்றுக் கொண்டார்.

மல்லிகை மணம்

கிராஸ், பூந்தோட்டங்கள் நிறைந்த ஊர். அங்கே மல்லிகையை விடியற்காலையில் பறிப்பார்கள். ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்க 600 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். ஆகவே நல்ல செண்டு பணக்காரச் சீமாட்டிகளுக்கு மட்டுமே கிடைத்தது.

கோட்டி இதை மாற்றினார். பூவின் சாறோடு, ரசாயன முறையில் தயாரித்த வாசனைப் பொருள்களையும் கலந்தார். 1906-ல் ஒரு மல்லிகை செண்டு வெளியிட்டார். அதற்குத் தம் சொந்தத் தீவான கார்சிகாவின் பெயரையே வைத்தார்.

லாலிக் என்ற கண்ணாடிக் கலைஞரிடம் அழகான புட்டிகள் செய்யச் சொன்னார். அச்சில் வார்த்ததால் ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது. பெரிய புட்டி பணக்காரிக்கு. சின்னப் புட்டி கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு. இரண்டிலும் ஒரே செண்டு! அதே மணத்தில் முகப் பவுடரும் வந்தது.

முதல் உலக யுத்தம் 1918-ல் முடிந்தது. ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டுப் பெண்களுக்குக் கோட்டி செண்டை வாங்கிப் போனார்கள். அமெரிக்காவிலும் வியாபாரம் கொழித்தது.

பணம் வந்த பிறகு

பிரான்சின் பெருங் கோடீசுவரர்களில் ஒருவரானார் கோட்டி. அதோடு நின்றிருக்கலாம். அரசியல் ஆசை பிடித்துக் கொண்டது. 1922-ல் பிகாரோ பத்திரிகையை வாங்கினார். 1928-ல் மிகக் குறைந்த விலையில் இன்னொரு தினசரி தொடங்கினார். அதில் யூதர்கள் மீது பகை மூட்டும் எழுத்துகள் வெளிவந்தன. செண்டை எளியவர் கைக்கு எட்டச் செய்தவர், வெறுப்பையும் அப்படியே மலிவு விலைக்கு விற்றார்! இதை மறைத்து அவர் கதையைச் சொல்வது நியாயம் ஆகாது.

பத்திரிகைகள் பணத்தை விழுங்கின. 1929-ல் மனைவி விவாகரத்துப் பெற்றார். அவருக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. பிகாரோவும் கை நழுவியது.

1934 ஜூலை 25-ந் தேதி, பாரீஸ் அருகே லூவசியென் என்ற ஊரில் தம் மாளிகையில் கோட்டி காலமானார். வயது 60. செண்டுக் கம்பெனி முன்னாள் மனைவியின் குடும்பத்திடம் போயிற்று. 1963-ல் அதை விலைக்கு வாங்கியது, பைசர் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி.